ஊர்ப்பேர்களின் கொம்பை ஒடிக்கும் இலவச பி.டி.எஃப் மாற்றி

நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும் அடிக்கிற நண்பர் ஒருவர், பி.டி.எஃப்-ஐ வேர்டாக்க எந்தத் தளம் நல்லது என்று கேட்டார். அவருக்காகத்தான் இது. நான் பயன்படுத்துகிற தளத்தின் பேர் வேண்டாம், தமிழ் எழுத்தைக் குலைக்கிற இந்தக் குறை பல தளங்களுக்குப் பொது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் கோப்பு என்றால் பிசகே கிடையாது. கட்டம், ஓரம், தடித்த எழுத்து எல்லாம் இருந்தபடியே வரும். இலவசக் கணக்கில் நாளுக்குச் சில கோப்புகள்தான் என்பதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

தமிழில்தான் இந்தச் சவம் உயிரை வாங்கும். கோட்டாறு ‘ேகாட்டாறு’ ஆகும். தோவாளை ‘ேதாவாைள’. கொல்லங்கோடு ‘ெகால்லங்ேகாடு’. நம்ம மாவட்டத்து ஊர்ப்பேர்களில் பாதிக்குக் கொம்பு இருப்பதால் ஒரு பக்கம்கூடத் தப்பாது. பி.டி.எஃப்-இல் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கின்றன, கொம்பு முன்னால், க பின்னால். இப்போது எல்லாக் கணினியிலும் புழங்குகிற யூனிகோடு எழுத்துமுறையில் மெய் முதலில் வர வேண்டும். மாற்றி அதைத் திருப்பிப் போடாமல் அப்படியே கொட்டிவிடுகிறது.

சரிசெய்ய, வேர்டு மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கன்ட்ரோல்+எச் அழுத்தி, ரெகுலர் எக்ஸ்பிரஷனை (சொல்லுக்குப் பதில் எழுத்தமைப்பைத் தேடும் வசதி) டிக் செய்யுங்கள். தேட: ([ெேை])([க-ஹ]). மாற்ற: $2$1. ஒரே ஒரு தடவைதான். மறந்துபோய் இரண்டாம் முறை ஓட்டினால் சரியான ‘மேலே’யும் கெட்டுவிடும். யூனிகோடில் நேராக அடித்த பத்தி நடுவில் இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகு கோட்டாறு பார்க்கச் சரியாக இருக்கும், தேடினால் சிக்காமல் போகலாம். உள்ளே ே, ா இரண்டும் தனித்தனிக் குறியாகக் கிடப்பதுதான் காரணம். ே+ா என்பதை ோ ஆகவும், ெ+ா என்பதை ொ ஆகவும் மாற்றுங்கள். அதே கையோடு ெ+ள என்பதை ௌ ஆக்கிவிடாதீர்கள்! ‘கெளதமன்’ திருந்துவான், வெள்ளிச்சந்தையும் வெள்ளமடமும் நாசமாகும். அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மேட்டர் வேறு தலைவலி. அதில் காற்புள்ளி விசைதான் ‘இ’, அரைப்புள்ளி விசைதான் புள்ளி. இலவச பாமினி மாற்றியில் பத்தியை மொத்தமாக ஒட்டினால் நடுவிலுள்ள மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிக் குழம்பும். ஆங்கிலத் துண்டுகளை முதலிலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் பத்திகள் என்றால் இந்த மாற்றிப் பக்கமே போகாதீர்கள். பக்கத்தை 300 டி.பி.ஐ. படமாக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக்கில் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறங்கள். படத்தைப் பார்த்துப் படிப்பதால் கொம்பு இடத்தில் நிற்கும். ஒரு கோப்பு 2 எம்.பி.க்குள் இருப்பது நல்லது. ஆனால் கட்டங்களைக் கலைத்துவிடும். நன்கொடைப் பட்டியல் மாதிரி பத்துக் கட்டம் உள்ள கோப்பு வந்தால், திட்டிக்கொண்டே மறுபடி அந்த மாற்றியைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.