சிங்கிள் பேஸில் 3 எச்.பி. லேத்: 2.2 கிலோவாட் ட்ரைவ் மதிப்பீடும் பொருத்தும் முறையும்

லேத் மோட்டார் த்ரீ பேஸ், பட்டறைக்கு வருவதோ சிங்கிள் பேஸ் மட்டும் என்றால், நடுவே த்ரீ பேஸ் உண்டாக்கித் தரும் ட்ரைவ் என்ற பெட்டி வேண்டும். அதை வாங்கக் கடைக்குப் போகுமுன் லேத் மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துணியால் துடைத்துப் படித்துவிடுங்கள். எச்.பி. எவ்வளவு, வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, உள்ளே மூன்று வைண்டிங்கின் இணைப்பு ஸ்டாரா (மூன்று முனையும் ஒரே முடிச்சில்) டெல்டாவா (முனைக்கு முனை வளையமாக) என்ற நாலு விஷயமும் குறித்துக்கொண்டால்தான் எந்தப் பெட்டி நமக்கு ஆகும் என்று முடிவு செய்ய முடியும். "3 எச்.பி. மோட்டாருக்கு ஒரு கன்வெர்ட்டர் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிய பெட்டிகள்தான் கோவை கணபதியிலும் சிங்காநல்லூரிலும் பட்டறை மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன.

இங்கே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸ் கொடுக்கும் 2.2 கிலோவாட் வி.எஃப்.டி., அதாவது மோட்டார் வேகத்தையும் மாற்றும் ட்ரைவ். டெல்டா கம்பெனியின் இ.எல். வரிசை, ஷ்னைடரின் ஆல்டிவார் 12 இரண்டுமே இந்த ரகம். இரண்டிலும் சிங்கிள் பேஸ் மாடல் 2.2 கிலோவாட்டோடு நின்றுவிடும். அதாவது 3 எச்.பி. லேத், மில்லிங், பெரிய டிரில்லிங் வரைக்கும்தான் இந்தப் பேச்சு. (இனி டெல்டா என்று வரும் இடமெல்லாம் மோட்டார் இணைப்பைத்தான் சொல்கிறோம், கம்பெனியை அல்ல.)

முதலில் மற்ற இரண்டு வழிகளைப் பார்த்துவிடலாம். தோட்டத்தில் இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கிணற்று மோட்டாரை ஓட்டக் கன்டென்சர் பெட்டி வைக்கிறோமே, அதையே பட்டறைக்கும் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 230 வோல்ட்டில் டெல்டாவாகக் கட்டிய மோட்டாருக்குக் கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் கன்டென்சர் என்பது பழைய கணக்கு. மோட்டார் சுற்றும், ஆனால் அதன் முழுச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் பெரிது. புறப்படும் முறுக்கு (சுழற்றும் விசை) அதைவிடக் குறைவு. அந்தக் கன்டென்சர் மதிப்பு ஒரே ஒரு சுமைக்குத்தான் பொருந்தும். பம்புக்குச் சுமை மாறாது, அதனால் அங்கே ஒத்துப்போகிறது. லேத்தில் கட் போடும்போது ஒரு சுமை, டூலை எடுத்தால் வேறு சுமை. மூன்று பேஸ் கரண்டும் ஏறுக்குமாறாகி மோட்டார் அதிரும், அந்த அதிர்வு வேலைப்பொருளின் மேல்பரப்பில் அலை அலையாகத் தெரியும். கிரைண்டருக்குப் போதும், ஃபினிஷ் தேவைப்படும் வேலைக்கு வேண்டாம்.

ரோட்டரி கன்வெர்ட்டர் என்பது ஒரு த்ரீ பேஸ் மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு அதிலிருந்து மூன்றாவது பேஸை எடுப்பது. பல மிஷினை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்பது அதன் பலம். பெரிய மிஷினைவிட ஒன்றரை மடங்காவது பெரிய மோட்டார் வேண்டும், அது வெட்டியாகச் சுற்றும் நேரமெல்லாம் மீட்டரும் ஓடும். 230 உள்ளே போனால் 230தான் வெளியே வரும் என்பதால், நம் ஊர் 415 வோல்ட் மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மரும் சேர வேண்டும். சின்னப் பட்டறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ட்ரைவுக்கு வருவோம். நம்மிடம் உள்ள 3 எச்.பி. வரையிலான மோட்டார்களில் பெரும்பாலானவை 415 வோல்ட் ஸ்டார். ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங் சுற்றுக்கும் கிடைப்பது 415 அல்ல, 240 வோல்ட்தான். அதே சுற்றுகளை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் 230 வோல்ட் ட்ரைவ் கொடுப்பது அதற்குச் சரியாகப் பொருந்தும். சக்தி குறையாது, கரண்டு மட்டும் 1.73 மடங்கு ஆகும். பலகையில் 4.7 ஆம்பியர் என்றிருந்தால் டெல்டாவில் 8.1. இ.எல். 2.2 கிலோவாட் ட்ரைவ் 11 ஆம்பியர் தரும், தாராளம். இன்னொரு நன்மையும் உண்டு. 230 வோல்ட் ட்ரைவின் உள்ளே டி.சி. சுமார் 325 வோல்ட். 415 வோல்ட் ட்ரைவில் அது 590 பக்கம் போகும். இருபது முப்பது வருஷப் பழைய வைண்டிங்குக்கு முதலாவதே பாதுகாப்பு.

பலகையிலேயே "415 வோல்ட் டெல்டா" என்று இருந்தால் இந்த ட்ரைவ் ஆகாது. 230 கொடுத்தால் மோட்டார் சுற்றும், ஆனால் முறுக்கு மூன்றில் ஒரு பங்காக விழும். கட் போட்டதும் நின்று ஓவர்லோடு காட்டும். வாங்கியவர் ட்ரைவைத்தான் திட்டுவார், தப்பு ட்ரைவின் மேல் இல்லை.

அடுத்தது டெர்மினல் பெட்டி. மூடியைத் திறந்ததும் ஆறு கம்பி இருந்தால் வேலை அஞ்சு நிமிஷம். ஸ்டாரில் டபிள்யூ2, யூ2, வி2 மூன்றும் பட்டையால் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டையைக் கழற்றி யூ1-டபிள்யூ2, வி1-யூ2, டபிள்யூ1-வி2 என மூன்று பட்டையாக நிமிர்த்திப் போட்டால் டெல்டா. மூன்று கம்பி மட்டும் வந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வைண்டிங் கடையில் கொடுத்து முடிச்சைப் பிரித்து மூன்று கம்பியைத் தனித்தனியாக வெளியே கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஆவாரம்பாளையம் பக்கம் இதைத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முடிச்சு மேல்பக்கம் இருந்தால் எளிது. வார்னிஷில் மூழ்கிக் கிடந்தால் பழைய கம்பி ஒடியும் அபாயம் உண்டு, அப்போது முழு ரீவைண்டிங்குக்கே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்ததும் மல்டிமீட்டரில் மூன்று ஜோடியும் தனித்தனியாக, ஒரே ரெசிஸ்டன்ஸில் இருக்கிறதா என்று பார்க்கவும். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பாடிக்கும் வைண்டிங்குக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ட்ரைவில் மாட்டவே கூடாது. ஒரு ஜோடியின் தலையும் வாலும் மாறிவிட்டால் மோட்டார் உறுமும், சூடேறும், ட்ரைவ் ஓவர்கரண்ட் காட்டி நிற்கும். புதிதாக மாட்டும்போது வரும் ஓவர்கரண்ட் டிரிப்புக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மோட்டார் பக்கம் பவர் ஃபேக்டர் கன்டென்சர் இருந்தால் கழற்றியே ஆக வேண்டும். நம் பக்கம் மோட்டாரோடு சேர்த்தே கன்டென்சர் கட்டும் வழக்கம் இருப்பதால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ட்ரைவின் அவுட்புட்டில் கன்டென்சர் இருந்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஈ.பி. பக்கத்து ஒயரிங்கில்தான் சிக்கனம் பார்த்துக் கெடுப்பார்கள். சிங்கிள் பேஸில் 2.2 கிலோவாட் ட்ரைவ் முழுச் சுமையில் சுமார் 24 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் எட்டு ஆம்பியர்தானே என்று 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். ட்ரைவ் கரண்டை சைன் அலையாக எடுக்காது, ஒவ்வொரு அலையின் உச்சியிலும் வெடுக்கென்று எடுக்கும், அதனால்தான் இவ்வளவு. 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி., மெயின் போர்டிலிருந்து தனி லைனாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர். பதினைந்து மீட்டருக்கு மேல் போனால் 6. முன்னால் ஒரு இன்புட் சோக் (கம்பிச் சுருள்) போட்டால் அந்த உச்சிக் கரண்டு நன்றாகக் குறையும், லைட் மினுக்குவதும் குறையும். அந்தச் செலவு வீண் போகாது.

எர்த் இல்லாமல் ட்ரைவ் மாட்டக் கூடாது. மிஷின் பாடி, மோட்டார், ட்ரைவ் மூன்றையும் ஒரே எர்த் பாருக்குக் கொண்டுவாருங்கள். எர்த்துக்குக் கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் டிரிப் ஆவதுண்டு, ட்ரைவின் உள் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டு கசிவதால். அதற்காக ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடுவது உயிரோடு விளையாடுவது. ட்ரைவ் கையேடு சொல்லும் வகையில், இந்த லைனுக்கென்று தனியாக ஒன்று போடுங்கள்.

ஈ.பி. லைன் ட்ரைவின் இன்புட் முனைகளுக்கு மட்டும்தான். தவறி யூ, வி, டபிள்யூவில் கொடுத்தால் சுவிட்ச் போட்ட நொடியே ட்ரைவ் போச்சு. ட்ரைவிலிருந்து மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் நாலு கோர் கேபிள் போதும், நடுவில் எந்த சுவிட்சும் கான்டாக்டரும் வரக் கூடாது. பழைய லேத்தில் உள்ள ஃபார்வர்டு-ரிவர்ஸ் டிரம் சுவிட்ச்சை மோட்டார் லைனிலிருந்து விலக்கி, அதே லீவரை ட்ரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு இணைக்கலாம். இ.எல். வரிசையில் எம்.ஐ.1, எம்.ஐ.2, பொது முனை டி.சி.எம். இந்த ஒயர் ஷீல்டு உள்ளதாகவும் பவர் கேபிளிலிருந்து தள்ளியும் போக வேண்டும்.

கூலன்ட் பம்பை இதே ட்ரைவில் சேர்க்காதீர்கள். லேத் வேகத்தைக் குறைத்தால் தண்ணியும் குறையும். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் பம்பாக மாற்றித் தனி சுவிட்சில் கொடுங்கள். மிஷினுக்குள் 415 வோல்ட் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதையும் 230 வோல்ட் பிரைமரி உள்ளதாக மாற்றி, ஈ.பி. லைனிலிருந்தே எடுக்க வேண்டும்.

செட்டிங் பத்து நிமிஷ வேலை. இ.எல். ட்ரைவில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு எண் உண்டு. 00.02-ல் 9 கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ் தொழிற்சாலை மதிப்புகளுக்குத் திரும்பும். 01.00, 01.01 இரண்டும் 50. 01.02 மோட்டார் வோல்ட். 07.00-ல் டெல்டாவுக்குக் கணக்கிட்ட ஆம்பியர். பலகையில் உள்ள ஸ்டார் ஆம்பியரைப் போட்டுவிட்டு ஏன் டிரிப் ஆகிறது என்று கேட்பவர்கள் நிறைய. 02.00 வேகம் எங்கிருந்து வரும் என்பது, 02.01-ல் 1 கொடுத்தால் வெளி லீவர் வேலை செய்யும். 01.09 ஏறும் நேரம் 3 நொடி. 01.10 நிற்கும் நேரத்தில் கவனம் வேண்டும். கனமான சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பிடி) உள்ள லேத்தில் 1 நொடி கொடுத்தால் சுற்றும் சக் மோட்டாரை ஜெனரேட்டராக்கி ட்ரைவுக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பும், ஓவர்வோல்டேஜ் டிரிப் வரும். 5 நொடியில் ஆரம்பித்துக் குறைத்துப் பாருங்கள். திரெட் போட்டு மாட்டும் சக் உள்ள பழைய லேத்தில் இது ட்ரைவைப் பற்றிய கவலை மட்டுமல்ல, ஆளைப் பற்றிய கவலை. திடீர் நிறுத்தத்திலும் ரிவர்ஸிலும் சக் கழன்று வரும். அந்த லேத்துகளில் ரிவர்ஸைத் துண்டித்தே வையுங்கள்.

முதல் ஓட்டம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு. மூன்று கம்பியிலும் கிளாம்ப் மீட்டர் ஒரே மாதிரி காட்ட வேண்டும், ட்ரூ ஆர்.எம்.எஸ். இல்லாத மீட்டரை இதில் நம்ப வேண்டாம். சுற்றும் திசை தலைகீழாக இருந்தால் யூ, வி, டபிள்யூவில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும், அதையும் ட்ரைவை அணைத்துப் பத்து நிமிஷம் விட்ட பிறகு. உள் கன்டென்சர்களில் அதுவரை ஆளைத் தூக்கியடிக்கும் வோல்ட் நிற்கும்.

ஓட்டத்தில் இந்த ட்ரைவ் பிடித்துப்போவது வேகக் கட்டுப்பாட்டுக்காகத்தான். ஃபேசிங் (வேலைப்பொருளின் முகத்தைச் சீவுவது) செய்யும்போது டூல் நடுவுக்கு வர வர வேகத்தைக் கூட்டலாம். மென்மையாகப் புறப்படுவதால் பெல்ட் சீறாது, கியர் அதிராது. ஆனால் கியரை மாற்றச் சோம்பல்பட்டு எல்லா வேலைக்கும் குமிழையே திருப்புவது தப்பு. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது. சக்தியும் வேகத்தோடு சேர்ந்தே இறங்கும். கனமான கட்டுக்கு கியரைக் குறைத்து மோட்டாரை 40-50 ஹெர்ட்ஸில் ஓட்டுவதே முறை.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வார்ப்பிரும்புத் தூசி மின்சாரம் கடத்தும். ட்ரைவின் விசிறி அதை உள்ளே இழுத்துக்கொண்டால் போர்டு ஷார்ட் ஆகும். சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களில் பஞ்சு ஹீட்சிங்க்கை அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் வைத்த இரும்புப் பெட்டிக்குள் மேலும் கீழும் ஒரு சாண் இடம் விட்டு, மிஷினுக்குப் பின்புறம் இல்லாமல் சுவரில் மாட்டுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அனலடிக்கும் இடத்தில் ஒரு அளவு பெரிய ட்ரைவே நல்லது. லைன் கடைசியில் உள்ள ஊர்களில் சாயங்காலம் வோல்ட் 180-க்கு இறங்கினால் லோ வோல்டேஜ் டிரிப் வரும், அதற்கு ட்ரைவை மாற்றிப் பயனில்லை. வெல்டிங் செட்டும் இதே லைனில் வேண்டாம்.

5 எச்.பி.க்கு 415 வோல்ட் ட்ரைவை ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மரோடு ஓட்டலாமா என்றால், முடியும். த்ரீ பேஸ் ட்ரைவுக்கு சிங்கிள் பேஸ் கொடுத்தால் அதன் திறனில் பாதியைத்தான் எடுக்கலாம், ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பேஸ் லாஸ் பாதுகாப்பையும் அணைக்க வேண்டிவரும். 10 எச்.பி. ட்ரைவ் வாங்கி 5 எச்.பி. ஓட்டுவதற்கு ஈ.பி. ஆபீசில் த்ரீ பேஸ் சர்வீஸ் எழுதிக் கொடுப்பதே மேல். சிங்கிள் பேஸ் சர்வீஸே நம் மாநிலத்தில் 4 கிலோவாட் வரைதான். அந்த அளவுக்குள் ஓட்டினாலும் வீட்டு சர்வீஸில் பட்டறை மிஷின் ஓட்டுவது டாரிஃப் மீறல், ட்ரைவ் வாங்கும் முன்பே சர்வீஸை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு லேத் அல்லது மில்லிங், 3 எச்.பி.க்குள், ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்ற முடிந்த மோட்டார் என்றால் இந்த 2.2 கிலோவாட் ட்ரைவுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்போம். அரை மதிப்பெண் குறைவது இன்புட் சோக் கூடவே வராததற்கு.