வோட்டோமேட்டிக் துளை அட்டை வாக்குக் கருவி: எண்ணுவதில் வேகம், குத்துவதில் கோளாறு

விலை மலிவு, தூக்கிச் செல்ல எளிது, அட்டைகளைக் கணினி மளமளவென எண்ணித் தள்ளிவிடும். அமெரிக்கக் கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற பகுதிகள்) 1960களிலிருந்து இதை விரும்பி வாங்கியதில் வியப்பில்லை. ஆனால் 2000 நவம்பர் 7 அன்று ஃபுளோரிடாவில் இது படுத்திய பாட்டுக்குப் பிறகு, அதிபர் தேர்தலுக்கு இதைப் பரிந்துரைக்கவே முடியாது.

அட்டையைக் கருவியின் பிளவில் அடிவரை செருக வேண்டும். அதன் மேல்முனையிலுள்ள இரண்டு ஓட்டைகளும் இரண்டு முளைகளில் உட்கார வேண்டும். வேட்பாளருக்குரிய துளையில் ஊசியைச் செங்குத்தாக அழுத்தினால், முன்பே வெட்டுக்கோடு போட்ட சின்னச் செவ்வகத் துணுக்கு உதிரும். அதன் பெயர் 'சாட்'.

முளையில் அட்டை சரியாக உட்காராவிட்டால் ஊசி இடம் தவறிக் குத்தும். அடியிலுள்ள ரப்பர் பட்டை இறுகிப்போனாலோ, பழைய சாட்களை அள்ளாமல் விட்டாலோ, துணுக்கு ஒரு மூலையில் தொங்கும். அல்லது வெறும் பள்ளம் விழும். எண்ணும் கருவிக்கு ஒளி புகும் துளைதான் வாக்கு. தொங்கும் சாட் மூடிக்கொண்டால் வாக்கு போயிற்று; மறுமுறை ஓட்டும்போது அது உதிர்ந்தால் எண்ணிக்கை மாறும். அட்டையின் பின்புறம் பார்த்துத் தொங்குவதை அகற்றும்படி வாக்காளருக்கு அறிவுரை இருந்தது. ஆனால் அட்டையில் இருப்பது எண் மட்டும்தான், பெயர் கிடையாது. யாருக்குப் போட்டோம் என்று கையில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. மன்னிக்க முடியாத குறை இது.

ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுன்ட்டியில், கருவியின் மேல் பொருத்திய பெயர்ப் புத்தகத்தின் பக்க அமைப்பும் சேர்ந்து கெடுத்தது. பெயர்கள் இருபுறமும், துளைகள் நடுவிலும். இடப்பக்கத்தில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் முதலாவது, ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இரண்டாவது. ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த சிறிய கட்சி வேட்பாளர் புகானனுக்கு உரியது, கோருக்கு மூன்றாவது. 19,000க்கும் மேற்பட்ட அட்டைகள் ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் குத்தப்பட்டுச் செல்லாமல் போயின.

புஷ் கோரை முந்தியதாக அறிவிக்கப்பட்ட வித்தியாசமோ மாநிலம் முழுக்க 537 வாக்குதான். அதிகாரிகள் பூதக்கண்ணாடியோடு பள்ளங்களை ஆராய்ந்தார்கள். எதை வாக்காக ஏற்பது என்பதில் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி அளவுகோல் மாறியது. டிசம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஒரே அளவுகோல் இல்லாதது அரசியலமைப்புக்கு முரண் என்று 12ஆம் தேதி 7 நீதிபதிகள் கண்டார்கள். மறுபடி எண்ண நேரமில்லை என்றது 5-4 தீர்ப்பு. அதிபரை முடிவு செய்பவை மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகள்; ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகளோடு புஷ் 271 எட்டி வென்றார்.

2002இல் இந்தக் கருவிகளை மாற்ற நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியது. வாங்குவோர் பேனாவால் நிரப்பும் தாளையும் வாக்குச்சாவடியிலேயே வைக்கும் ஸ்கேனரையும் எடுக்கலாம். இருவருக்குக் குறித்த தாளைத் திருப்பித் தள்ளும்படி ஸ்கேனரை அமைத்துவிட்டால், வாக்காளர் அங்கேயே புதுத் தாள் வாங்கிக்கொள்ளலாம்.