நாய்க்கு மரப்பு ஊசி: லிக்னோகெயினா, புபிவகெயினா?

வேலூர்ப் பக்கம் நாய்க்குக் கத்தி வைக்கும் இடங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஊருக்குள் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு தரும் எந்திரம், ஆக்சிஜன், ஈசிஜி திரை எல்லாம் உள்ள கிளினிக்குகள் உண்டு. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு என்று போனால் வீட்டுத் திண்ணையில் சைலசின்-கீட்டமின் மயக்க ஊசி போட்டு, ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்பித் தையல் போட வேண்டியிருக்கும். எந்த மரப்பு மருந்தைக் கையில் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தைப் பொறுத்தது. வெளியே எடுத்துப் போகும் பையில் என் தேர்வு லிக்னோகெயின். புபிவகெயின் கிளினிக் அலமாரியில், சில நிபந்தனைகளோடு இருக்கட்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சைலோகெயின், லாக்ஸ் என்ற பெயர்களில் வரும் 2% லிக்னோகெயின் ஐந்து நிமிடத்தில் மரக்கச் செய்யும். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நிற்கும். சென்சார்கெயின், அனாவின் பெயர்களில் வரும் 0.5% புபிவகெயின் பிடிக்கவே பதினைந்து இருபது நிமிடம் ஆகும். பிடித்துவிட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். இரண்டும் மருந்துக் கடையில் கிடைப்பவைதான். நேரத்தை மட்டும் பார்த்தால் புபிவகெயினை எடுத்துவிடத் தோன்றும். இதயத்தைப் பார்த்தால் கை தயங்கும்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. நாய்க்குத் தசையிலும் தோலடியிலும் போட லிக்னோகெயின் கிலோவுக்கு 5 மி.கி., புபிவகெயின் 2 மி.கி. என்று உச்ச வரம்பு வைத்துக்கொள்வோம். 15 கிலோ நாட்டு நாய்க்கு லிக்னோகெயின் 75 மி.கி.; 2% குப்பியில் அது 3.75 மி.லி. அதே நாய்க்குப் புபிவகெயின் 30 மி.கி.; 0.5% குப்பியில் 6 மி.லி. சிரிஞ்சில் அதிகமாகத் தெரிவது புபிவகெயின்தான். அதனால் ‘இது லேசான மருந்து, இன்னும் 2 மி.லி. போட்டால் என்ன’ என்ற எண்ணம் கைக்கு வந்துவிடும். அந்த 2 மி.லி.யிலேயே வரம்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 5 கிலோ பொமரேனியனுக்கு லிக்னோகெயின் 1.25 மி.லி., புபிவகெயின் 2 மி.லி. அவ்வளவுதான். இந்தச் சின்ன உடம்புகளில்தான் கணக்கு தவறுகிறது. எடை போடாமல் கண்ணால் அளந்து ஊசி நிரப்பவே கூடாது. தையல் வரி நீளமாக இருந்து மருந்து பற்றாது போல் தெரிந்தால், லிக்னோகெயினோடு சம அளவு நார்மல் சலைன் கலந்து 1% ஆக்குங்கள். மி.கி. கூடாமல் கொள்ளளவு இரட்டிப்பாகும்.

இனி இதயம். இரண்டு மருந்தும் செய்வது ஒரே வேலை: நரம்பின் சோடியம் வாய்க்காலை அடைப்பது. அதே வாய்க்கால் இதயத் தசையிலும் இருக்கிறது. மருந்து அங்கே போனால் எவ்வளவு சீக்கிரம் விட்டு விலகுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கினிப்பன்றியின் இதயத் தசையில் அளந்து 1985-இல் வெளியான ஆய்வில், லிக்னோகெயினின் பிடி தளரும் கால அளவு சுமார் 0.15 நொடி, புபிவகெயினுக்கு சுமார் 1.5 நொடி, அதாவது பத்து மடங்கு. நிமிடத்துக்கு 120 முறை துடிக்கும் நாயின் இதயத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நொடிதான் உண்டு. அந்த அரை நொடிக்குள் லிக்னோகெயின் பெரும்பாலும் கழன்றுவிடும். புபிவகெயின் கழலாது, அடுத்த துடிப்பில் இன்னும் கொஞ்சம் வந்து ஒட்டும், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இதயம் வேகமாகத் துடிக்கத் துடிக்க அடைப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஈசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ் அலை அகன்று, பிறகு கீழறைத் துடிப்புகள் தாறுமாறாகி நிற்கும். போதாக்குறைக்கு, இதயத் தசை எரிபொருளாக்கும் கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் வழியையும் புபிவகெயின் தடுக்கிறது. நின்ற இதயத்தை மீட்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழித்திருந்த நாய்களுக்கு நேராகச் சிரையில் செலுத்திப் பார்த்த 1989 ஆய்வில், வலிப்பு வந்த சராசரி அளவு லிக்னோகெயினுக்குக் கிலோவுக்கு சுமார் 20 மி.கி., புபிவகெயினுக்கு 4 மி.கி.க்குச் சற்று மேல். மேலே சொன்ன உச்ச வரம்போடு வைத்துப் பாருங்கள். ஊசி முனை தெரியாமல் ரத்தக்குழாய்க்குள் போய், முழு அளவும் உள்ளே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், லிக்னோகெயினில் நான்கு மடங்கு இடைவெளி இருக்கிறது. புபிவகெயினில் இரண்டு மடங்குதான். அதைவிட முக்கியமானது அடுத்த படி. லிக்னோகெயின் மீறினால் முதலில் மூளை சொல்லும்: நாய் உதட்டை நக்கும், முகத் தசை துடிக்கும், பிறகு வலிப்பு. இதயம் விழுவது அதற்கு வெகு பின்னால். புபிவகெயினில் வலிப்புக்கும் இதயம் விழுவதற்கும் நடுவே உள்ள தூரம் குறைவு. நாய் ஏற்கெனவே மயக்கத்தில் இருந்தால் உதடு நக்குவதும் தசை துடிப்பதும் தெரியவே தெரியாது. திரை இல்லாத திண்ணையில் முதல் அறிகுறியே நாடி நிற்பதாக இருக்கலாம்.

தவறு நடந்தால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் என் தேர்வைத் தீர்மானித்த கேள்வி. மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

புபிவகெயினுக்கும் மீட்பு வழி உண்டு: 20% கொழுப்புக் குழம்பு, இன்ட்ராலிப்பிட் வகை. 2003-இல் வெளியான நாய் ஆய்வில், கிலோவுக்கு 10 மி.கி. புபிவகெயின் கொடுத்து இதயத்தை நிறுத்தி, பத்து நிமிட இதய மசாஜுக்குப் பிறகு கொழுப்புக் குழம்பு பெற்ற நாய்கள் எல்லாம் பிழைத்தன. சலைன் பெற்றவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லை. இன்று நடைமுறையில் உள்ள அளவு, முதலில் ஒரு நிமிடத்தில் கிலோவுக்கு 1.5 மி.லி., பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வீதம் அரை மணி நேரம். 15 கிலோ நாய்க்கு முதல் தவணை 22.5 மி.லி., அடுத்த அரை மணிக்கு 112.5 மி.லி.; மொத்தம் 135 மி.லி. 100 மி.லி. பாட்டில் ஒன்று பற்றாது. கூடவே ஆக்சிஜன், மூச்சுக்குழல், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, வலிப்புக்கு டயஸிபாமோ மிடாசோலாமோ வேண்டும். ஆக்சிஜன் குறைந்தாலும் ரத்தம் அமிலமானாலும் இதயத்தின் மீதான நச்சு கூடும்; ஆகவே மூச்சுதான் முதல் வேலை, கொழுப்பு அடுத்தது. அட்ரினலினை இங்கே வழக்கமான பெரிய அளவில் தள்ளக் கூடாது, கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள் நிற்க வேண்டும். இந்தச் சாமான் எல்லாம் எட்டும் தூரத்தில் இருந்தால் புபிவகெயினைத் திறக்கலாம். ‘சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் கடையில் கிடைக்கும்’ என்பது எட்டும் தூரம் இல்லை.

லிக்னோகெயினுக்கு இதய விஷயத்தில் இன்னொரு முகமும் உண்டு. அதே குப்பி இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தும்கூட. வயிறு ஊதி முறுக்கிக்கொண்ட பெரிய நாயிலும் மார்பில் அடிபட்ட நாயிலும் கீழறைத் துடிப்புகள் வரிசையாக ஓடினால், கிலோவுக்கு 2 மி.கி. மெதுவாகச் சிரையில் கொடுக்கலாம். 15 கிலோவுக்கு 1.5 மி.லி. கட்டுப்பட்டால் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 25 முதல் 80 மைக்ரோகிராம் சொட்டாகத் தொடரலாம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்யாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே தோலடியில் 75 மி.கி. போட்டிருந்தால், சிரையில் போவதும் அதே கணக்கில்தான் சேரும்.

இதில் ஓர் ஆபத்தான குழப்பம் நம் ஊரில் அடிக்கடி வரக்கூடியது. சைலசின் போட்ட நாயில் துடிப்பு 50-க்கு இறங்கும், மேலறை-கீழறைத் தொடர்பு தடைபடும். அப்போது இடையிடையே வரும் அகன்ற துடிப்பு, இதயம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக எழுப்பும் துடிப்பு. அதைக் கீழறைக் கோளாறு என்று நினைத்து லிக்னோகெயின் கொடுத்தால் அந்தக் கடைசித் துடிப்பும் நின்றுவிடும். வேகம் குறைந்த இதயத்துக்கு லிக்னோகெயின் வேண்டாம். அட்ரோபினா, சைலசினை முறிக்கும் யோகிம்பினா என்று யோசியுங்கள்.

நோய் எதிர்ப்பு சக்திக்கு வருவோம். இங்கே ஆய்வுகளில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத் தட்டிலும் மனிதரிலும் நடந்தவை. நாயில் நேரடியாக நடந்தவை குறைவு. ஆகவே இதயத்தைப் பற்றிப் பேசிய உறுதியோடு இதைப் பேச மாட்டேன். லிக்னோகெயின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதையும், அழற்சி இடத்துக்கு நகர்வதையும், ஆக்சிஜன் வேதிப் பொருள்களைக் கக்குவதையும் தணிக்கிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களும் குறைகின்றன. இதற்கு சோடியம் வாய்க்கால் காரணம் இல்லை, அணுவின் வேறு ஏற்பிகள் வழியே நடக்கிறது. முறுக்கிய வயிறு, சீழ் நிறைந்த கருப்பை போன்ற இடங்களில், உடம்பே தன்னைச் சுட்டுக்கொள்ளும் அழற்சியை இது கொஞ்சம் அடக்கும் என்பது நன்மை. அதே காரணத்தால், சீழ்க்கட்டியைச் சுற்றி இஷ்டத்துக்கு ஊசி போடுவது நல்லதல்ல. சீழ் உள்ள இடம் அமிலமாக இருப்பதால் மருந்து அங்கே சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. தள்ளி, நரம்பு வரும் வழியில் போடுங்கள். இரண்டு மருந்துக்கும் கிருமியை ஓரளவு தடுக்கும் குணம் உண்டு. ஆகவே கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ஸ்வாப் எடுப்பதாக இருந்தால் ஊசிக்கு முன்னால் எடுங்கள். பின்னால் எடுத்தால் ‘வளர்ச்சி இல்லை’ என்று பொய்யான முடிவு வரலாம்.

கட்டி விஷயம் தனி. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் மடிக்கட்டி சாதாரணம். அறுவை என்ற அதிர்ச்சி கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை ஏற்றுகிறது. புற்றணுவை வேட்டையாடும் என்.கே. அணுக்களின் வேகம் அந்த நாள்களில் தளர்கிறது. மார்பினும் அதைத் தளர்த்தும் பக்கம்தான். மரப்பு மருந்து சேர்த்தால் வாயு மயக்கமும் மார்பின் வகை ஓபியாய்டும் குறைவாகவே தேவைப்படும். மும்பை டாட்டா நினைவு மையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்று அறுவைக்கு வந்த சுமார் 1,600 பெண்களில், கட்டியைச் சுற்றி 0.5% லிக்னோகெயின் போட்டு ஏழு முதல் பத்து நிமிடத்துக்குப் பின் வெட்டியவர்களில், ஐந்தாண்டு நோயின்றி இருந்தோர் 86.6%, போடாதவர்களில் 82.6%. இது மனிதருக்கான எண், நாய்க்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் வரம்புக்குள், நீர்த்து, கட்டிக்குள் குத்தாமல் சுற்றிப் போடுவதில் நஷ்டம் இல்லை, வலியாவது குறையும்.

எதிர்ப்பு சக்திக் கணக்கில் புபிவகெயினுக்கும் ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வலியே கார்ட்டிசோலை ஏற்றி எதிர்ப்பைக் குறைக்கிறது. லிக்னோகெயின் போட்ட நாய் குடியாத்தம் போய்ச் சேரும் முன்பே, ஆட்டோவிலேயே வலி திரும்பிவிடும். புபிவகெயின் இரவு வரை காக்கும். கால் நீக்கம், எலும்பு முறிவு, தாடைப் பல் வேலை போன்றவற்றில், திரையும் ஆக்சிஜனும் கொழுப்புக் குழம்பும் உள்ள அறையில், புபிவகெயினே சரி. மற்ற இடங்களில் லிக்னோகெயினோடு வலிநிவாரணி மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாள்களில் 0.1 என்று பாலம் கட்டலாம். சிறுநீரகமும் நீர்ச்சத்தும் சரியாக இருந்தால் மட்டும். மே மாத வெயிலில் நாக்கு தொங்க வரும் நாய்க்கு முதலில் சலைன் ஏற்றிவிட்டு அப்புறம் மெலாக்சிகாமைப் பற்றி யோசியுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் நாய் நம் பகுதியில் தினசரி விஷயம். இந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா கிருமி தாக்கினால் ரத்தப் புரதமான ஆல்புமின் இறங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் இறங்கும். புபிவகெயினில் 95 விழுக்காடு ரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும். லிக்னோகெயினில் 65 முதல் 70. ஒட்ட இடம் குறைந்தால் மிச்சம் இதயத்துக்குத்தான் போகும். அழற்சியில் ஏறும் வேறொரு புரதம் கொஞ்சம் தாங்கும் என்றாலும், ஈறு வெளுத்து மெலிந்த நாய்க்கு எந்த மருந்தும் பாதி அளவோடு நிற்க வேண்டும் என்பது என் கருத்து. தட்டணு குறைந்த நாய்க்கு முதுகுத்தண்டு ஊசி கூடவே கூடாது.

ஆண் நாய்க் கருத்தடையில் செய்முறை எளிது. 15 கிலோவுக்கு ஒவ்வொரு விரைக்கும் 1 மி.லி. 2% லிக்னோகெயின்: 23 கேஜ் ஊசியைப் பின்முனையிலிருந்து நடுவுக்குச் செலுத்தி, பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, விரை சற்று இறுகும் வரை தள்ளவும். இதில் 40 மி.கி. போயிற்று, மிச்சம் 35 மி.கி., அதாவது 1.75 மி.லி., தோல் வரிக்கு. ஐந்து நிமிடம் காத்திருங்கள். பாத விரல் கிழிசலுக்குப் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை கட்டிச் சிரையில் போடும் முறையில் லிக்னோகெயின் மட்டுமே, கிலோவுக்கு 3 மி.கி.; 20 நிமிடத்துக்கு முன் பட்டையை அவிழ்க்கக் கூடாது. புபிவகெயினை அங்கே ஒருபோதும் தொடாதீர்கள்.

இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். புபிவகெயினின் நீண்ட நேரம் சுருங்குகிறது. நச்சு மட்டும் கூட்டலாகிறது. ரோபிவகெயின் இதயத்துக்குப் புபிவகெயினைவிட மென்மையானது; ஆனால் அதில் என் பழக்கம் குறைவு, ஆகவே அதைப் பரிந்துரைக்கும் இடத்தில் நான் இல்லை.

கடைசியாகக் குப்பி. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினும் கலக்காததும் ஒரே அளவுக் குப்பியில் வருகின்றன. கலந்ததைச் சிரையில் போடக் கூடாது. காது நுனி, வால் நுனி, விரலிலும் வேண்டாம். பைக்கில் கொண்டுபோகும்போது கலந்த குப்பியின் கழுத்தில் சிவப்புப் பிளாஸ்திரி ஒன்று சுற்றிவிடுங்கள். வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் கிடந்து, மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அட்ரினலின் கெட்டுவிட்டது. அந்தக் குப்பியை அன்றே எறிந்துவிடுங்கள்.