நடந்து பார்க்கும் சென்னை: மாம்பலம் தடமா, பறக்கும் ரயில் தடமா?

சென்னை மாறுவதை ரயில் தடத்தை ஒட்டி நடந்து பார்க்க இரண்டு வழிகள்: மாம்பலம் வழியாகச் செல்லும் கடற்கரை–தாம்பரம் தடம், தூண்கள்மீது உயரத்தில் ஓடும் கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில்.

தாம்பரம் தடத்தில் 1931இலேயே மின்சார ரயில் ஓடியது. நகரின் தெற்குப் பகுதிகள் பலவும் அதை ஒட்டித்தான் வளர்ந்தன. கோடம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டை வரை நடந்தால் போதும். மாம்பலத்தில் தண்டவாளத்துக்குக் கிழக்கே ரங்கநாதன் தெரு நெரிசல். மேற்கே இன்னும் குடியிருப்புத் தெருக்கள். பக்கம் மாற துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகள் உண்டு. கனமழையில் இரண்டிலும் தண்ணீர் தேங்கும், அன்று வேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது உயிருக்கு ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.

பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் வந்தது. திருவல்லிக்கேணிக்குத் தெற்கே தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலேயே நிற்பதால், ஒட்டி நடக்கத் தொடர்ச்சியான பாதை இல்லை. தெருக்களில் சுற்றிப் போகவேண்டும். திருமயிலையில் மெட்ரோ பணித் தடுப்புகள் வேறு. அடையாற்றைக் கடக்க கோட்டூர்புரம் பாலம்.

முதல் நடைக்கு மாம்பலம்தான். கால்வாய்க்கு நேர்ந்ததைப் பார்க்க விரும்புவோர் மட்டும் இரண்டாவதற்குப் போகலாம், காலை 6 மணிக்கே.