பழைய நிலைக்கதவில் புது பிரைமரா? உஷார்

இடித்த வீட்டுச் சாமான்களை வைத்தே எங்கள் வீட்டைக் கட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். செங்கல்லில் தப்பித்தோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்பதால், லேசாகத் தட்டியதுமே சாந்து உதிர்ந்து கல் முழுசாக வந்தது. இரண்டு கல்லை மோதினால் கணீரென்ற சத்தம். மாட்டிக்கொண்டது மரத்தில்தான்.

ஆறு நிலை, அவற்றுக்கான கதவுகள். "எல்லாம் தேக்கு, வைரம் பாய்ந்த மரம்" என்றார் விற்றவர். பிரைமர் வேறு அடித்து வைத்திருந்தார். உங்களுக்கு வேலை மிச்சம் என்று அதற்கும் காசு வாங்கினார். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன்!

சுவர்ப் பூச்சு முடிந்து நாலு மாதம் இருக்கும். ஒரு நிலையின் அடியில் சலித்த மாவு போலத் தூள். துடைத்தால் மறுநாளும் அதே தூள். உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். ஆசாரி பிரைமரைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே மக்கு வைத்து அடைத்த பழைய ஓட்டைகள், அம்மை வடு மாதிரி நெருக்கமாக. இரண்டு நிலைதான் தேக்கு. மற்ற நாலும் என்ன மரமென்று அவருக்கே பிடிபடவில்லை.

எல்லாம் மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. இந்த வண்டின் புழு ஒரு வருஷத்துக்கு மேல்கூட மரத்துக்குள்ளேயே இருந்து தின்னும். வண்டாகி வெளியே வரும்போதுதான் ஓட்டை தெரியும். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுப்பகுதியை, அது சீண்டுவதில்லை. மாவுச்சத்து இருக்கும் வெளுத்த ஓரப் பகுதிதான் அதற்குச் சாப்பாடு. அதனால் பெயின்ட் அடித்த மரமென்றால், ஒரு மூலையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். சுவருக்குள் போகும் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், அங்கே யாரும் மெனக்கெட்டு மக்கு வைப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

விற்றவரிடம் போனேன். "பழைய சாமானுக்கு வாரண்டியா?" என்று சிரித்தார். ரசீதை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். "பழைய மரம், 6 நிலை" என்றுதான் இருந்தது. தேக்கு என்ற சொல்லே இல்லை.

நாலு நிலையையும் பெயர்த்தாயிற்று. பெயர்க்கும்போது, தேடித்தேடி வாங்கிய அந்த நல்ல செங்கல்லும் ஒரு வண்டி உடைந்தது.