ஜெனரேட்டர் டிராலி இழுக்க எடுத்த டீசல் பிக்கப்: ரன்னிங் இன்ல இருந்து ரெண்டு சித்திரைத் திருவிழா வரைக்கும்

இழுவைக்குண்டே டீசல் வண்டி எடுக்கப் போறவங்களுக்காக இத எழுதுறேன். லோடு ஏத்துற வண்டி பத்தி சொல்ல ஊர்ல நிறைய பேரு இருக்காங்க, ஆனா பின்னாடி டிராலி மாட்டி இழுக்குறதுக்கு எப்பிடி பாத்து எடுக்கணும், எடுத்த புதுசுல எப்பிடி ஓட்டிப் பழக்கணும்ண்டு, அதான் ரன்னிங் இன், வெவரமா சொல்ல ஆள் கம்மி. எங்களுக்கு மதுரை ஒத்தக்கடையில ஒலி ஒளி அமைப்பு, கூடவே ஜெனரேட்டர் வாடகை. 2024 பொங்கல் சீசன் முடிஞ்ச கையோட புது வண்டி எடுத்தோம். டபுள் கேபின் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், பின் வீல் டிரைவ். கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்றதுல முக்காவாசி எந்த கம்பெனி டீசலுக்கும் பொருந்தும், பேரப் போட்டா பேச்சு கம்பெனி பக்கம் போயிரும், வண்டிய பழக்குற விஷயம் அடிபட்டுப் போகும்.

முதல்ல எடுக்கும்போது பாக்க வேண்டியது. எல்லாரும் எச்பி எவ்வளவுண்டுதான் கேக்குறாங்க. இழுவைக்கு அது ரெண்டாவது. டார்க், அதான் இன்ஜினோட சுத்துற வலு, எத்தன நியூட்டன் மீட்டர், அது எந்த ஆர்பிஎம்ல (நிமிசத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து) இருந்து கெடைக்குதுண்டு கேளுங்க. 1,400, 1,500லயே முழு டார்க்கும் வந்துருச்சுண்டா நின்ன எடத்துல இருந்து டிராலிய நகத்துறப்ப கிளச்ச போட்டு அரைக்க வேண்டியதில்ல, 2,000க்கு மேலதான் வரும்ண்டா ஒவ்வொரு சிக்னல்லயும் ஆஃப் கிளச்சுதான், அப்பறம் கிளச் பிளேட்டு கதி என்னாகும்ண்டு சொல்லத் தேவையில்ல.

அத விட முக்கியம், ஓனர் மேனுவல்ல டிராலி இழுக்கலாம்ண்டு இருக்கா, எவ்வளவு எடை வரைக்கும்ண்டு இருக்காண்டு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. நான் போன ஒரு ஷோரூம்ல "அதெல்லாம் தாராளமா இழுக்கும்ணே, யானையவே இழுக்கும்"ண்டு சொன்னாங்க. சரி தம்பி, அத புக்குல காட்டுங்கண்டேன், ஒண்ணும் இல்ல. சில வண்டி மேனுவல்ல டிராலி மாட்டவே கூடாதுண்டு போட்டிருக்கும், அதுல நம்ம இஷ்டத்துக்கு கொக்கிய வெல்டு வச்சா வாரண்டி கேக்க முடியாது. நான் எடுத்த வண்டியில டிராலி எடைக்கு ஒரு அளவு போட்டிருந்துச்சு, அத எழுத்துலயும் வாங்கிக்கிட்டேன், அதுக்காகவே ரெண்டாவது ஷோரூமுக்குப் போனேன்.

டெலிவரி எடுத்து நேரா பாண்டி கோயில், பூச, எலுமிச்சம்பழம் எல்லாம் முறைப்படி முடிஞ்சுச்சு. அன்னைக்கே வீட்ல "நாளைக்கு மேலூர்ல ஒரு கல்யாணம் இருக்கு, ஜெனரேட்டர் செட்ட மாட்டிருவமா"ண்டு கேட்டாங்க. முடியாதுண்டேன். மேனுவல்ல முதல் 1,500 கிலோமீட்டருக்கு டிராலி இழுக்கக் கூடாதுண்டு தெளிவா இருக்கு. தவணை ஓடுது, வண்டி சும்மா திரியுதுண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க, எங்க மாமா "அந்தக் காலத்துல நாங்க என்ன ரன்னிங் இன்னா பாத்தோம்"ண்டாரு. மாமா மேல மரியாத இருக்கு, அதனால உக்கார வச்சு பொறுமையாவே சொன்னேன். மாமா, புதுக் காளைய வண்டிக்குப் பழக்குறப்ப முதல்ல வெறும் வண்டிதான பூட்டுவீங்க, மூட்டை ஏத்தி மேட்டுல விட மாட்டீங்கள்ல, அதேதான் இது. அதுக்கப்பறம் அவரு கேக்கல.

இதுக்குப் பின்னாடி இருக்குற காரணத்த புரிஞ்சுக்கிட்டா பொறுமை தானா வரும். புது இன்ஜின்ல சிலிண்டர் சுவத்துல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கோடு போட்டு விட்டிருப்பாங்க, பிஸ்டன் ரிங்கு அதுல ஒரசி ஒரசிதான் ஒக்காரும். அது ஒக்காரணும்ண்டா ரிங்க வெளிப்பக்கமா தள்ளுறதுக்கு கொஞ்சம் லோடு வேணும். இங்கதான் நிறைய பேரு புது வண்டிண்டு ரொம்ப செல்லமா நாப்பதுலயே உருட்டுறாங்க, இல்ல மணிக்கணக்குல ஐடில்ல விட்டு வைக்கிறாங்க, அப்பிடி செஞ்சா ரிங்கு ஒக்காராமயே சுவரு வழவழண்டு மெருகேறிரும், அப்பறம் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும். அதே மாதிரி எடுத்த ஒடனே முழு லோடு வச்சாலும் சூடு ஏறி கெட்டுப் போகும். அதனால நடுவுல நிக்கணும். வெறும் வண்டி இல்லாம வண்டியோட பின் தொட்டியில கேபிள், ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸுண்டு லேசா எடை, ஒரே வேகத்துல போகாம ஐம்பது, எழுபது, மறுபடி அம்பத்தஞ்சுண்டு மாத்தி மாத்தி, ஆக்ஸிலேட்டர முழுசா மிதிக்காம, 2,500 ஆர்பிஎம் தாண்டாம. டாப் கியர்ல போட்டு இன்ஜின் தெணற தெணற மேட்டுல ஏத்துறதும் கூடாது, ஒரு கியர் எறக்கிக்கிறணும்.

ரூட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்கிட்டேன். ஒத்தக்கடையில இருந்து மேலூர் நாலு வழிச்சாலை, அங்கிருந்து நத்தம், திரும்பி வர்றப்ப நத்தம் ரோட்டு பறக்கும் பாலம். அது 7 கிலோமீட்டருக்கு மேல சிக்னலே இல்லாம கெடக்குறதால ஒரு கியர்ல நிதானமா ஏத்தி எறக்கிப் பாக்க தோதான எடம். ஆயிரம் தாண்டுன பெறகு உசிலம்பட்டி வழியா ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் கூட்டிட்டுப் போயி மேடு காட்டுனேன்.

இன்ஜின் மட்டும் பழகுனாப் பத்தாது, இத அழுத்திச் சொல்லணும். பின் ஆக்ஸில்ல வீல சுத்த வைக்கிற பல்சக்கரம், கிரவுன் பினியன் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பல்லு பதிஞ்சு ஒக்காரணும். இழுவையோட பாரம் பூராவும் கடைசியா வந்து ஏறுறது அந்தப் பல்லு மேலதான். பதியாத பல்லுல ஒன்றரை டன்ன மாட்டி இழுத்தா அங்க சூடு ஏறும், சின்ன ஊளைச் சத்தமா ஆரம்பிக்கும், அது வந்துட்டா போகவே போகாது. முதல் சர்வீஸ்ல நான் இன்ஜின் ஆயிலோட ஹவுஸிங் ஆயிலையும் (பின் ஆக்ஸில் கூட்டுக்குள்ள இருக்குற ஆயில்) மாத்தச் சொன்னேன். லிஸ்ட்ல இல்லண்ணேண்டு சொன்னாங்க, நான் காசு தர்றேன் மாத்துங்கண்டேன். வடிச்ச ஆயில வெயில்ல பாத்தா மினுமினுண்டு இரும்புத் தூளு. புதுசுல அது வரத்தான் செய்யும், ஆனா அத உள்ளயே விட்டுட்டு டிராலி மாட்டுறதுல எனக்கு இஷ்டம் இல்ல. கிளச்சுக்கும் பிரேக்குக்கும் இதே கததான், லைனிங் பதியுற வரைக்கும் நச்சுண்டு பிரேக் அடிக்காதீங்க. வீல் போல்ட்டு, கொக்கி போல்ட்டு எல்லாத்தையும் முதல் நூறு கிலோமீட்டர்ல ஒரு தடவ டைட் பாத்துருங்க.

அதுக்கப்பறமும் நேரா பெரிய செட்டு கெடையாது. முதல்ல 15 கேவிஏ (ஜெனரேட்டர் குடுக்குற கரண்டோட அளவு) சின்ன செட்டு, பக்கத்து ஊருக்கு மட்டும். பெறகுதான் 25. வேல நெறையா இந்த 25 கேவிஏ சைலண்ட் செட்டுலதான் ஓடுது, டிராலியோட சேத்து எடைமேடையில ஏத்துனப்ப ஒரு டன்ன தாண்டி நின்னுச்சு. எல்லாரும் ஒரு தடவயாவது எடைமேடையில ஏத்திப் பாருங்க, செட்டு மேல ஒட்டியிருக்குற எடையும் டிராலியோட வர்ற எடையும் ஒண்ணில்ல, டீசல் டேங்கு, பேட்டரி, கேபிள் எல்லாம் சேந்துரும்.

டிராலி ஆடுறது பத்தி. நாலு வழிச்சாலையில அறுபதத் தாண்டுன ஒடனே டிராலி வாலாட்டுதுண்டு சொல்றவங்க வண்டியத்தான் திட்டுறாங்க, பெரும்பாலும் காரணம் பாரம் வச்ச எடம். பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னாடி சாஞ்சிருந்தா கொக்கிய மேல தூக்கும், வண்டியோட பின் வீலு லேசாகும், ஆட்டம் வரும். மொத்த டிராலி எடையில பத்துல ஒரு பங்குக்குள்ள கொக்கி மேல அமுங்கணும், எங்களுக்கு அது நூறு கிலோவ ஒட்டி வருது. பாக்குறது ஈஸி, டிராலி சமமா நிக்கிறப்ப கொக்கியில மாட்டுற மூக்குக்குக் கீழ மூட்டை நிறுக்குற தராச வச்சாப் போதும். எங்க செட்டுல இன்ஜின் பக்கம்தான் கனம், அத முன்னாடி பாக்க திருப்பி மாட்டி, ஆக்ஸில கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில கொஞ்சம் நகத்தி வச்சோம், அன்னையில இருந்து ஆட்டமே இல்ல. அந்தப் பட்டறை அண்ணன் கையோட ஓவர் ரன் பிரேக்கும் போட்டுக் குடுத்தாரு. முன்னாடி இழுக்குற வண்டி பிரேக் அடிச்சா டிராலி முன்னாடி தள்ளும்ல, அந்தத் தள்ளுற வேகத்துலயே டிராலியோட சொந்த பிரேக் புடிச்சிக்கிரும். ஒரு டன்னு டிராலிய பிரேக் இல்லாம இழுக்குறது நம்ம உசுரு மட்டும் இல்ல, எதிர்ல டிவிஎஸ்ல வர்றவர் உசுரும்தான். செலவு பாக்காதீங்க. ரெண்டு பக்கமும் சேஃப்டி செயின் குறுக்கா போடணும், லைட் கனெக்சன் மாட்டணும். தொட்டிய காலியா விட்டும் இழுக்காதீங்க, பின்னாடி எடை இல்லாத பிக்கப்ப டிராலி நல்லா தள்ளி விட்டுரும், மழையில ரொம்ப மோசம்.

ரிவர்ஸ் தனிக் கல. டிராலி எந்தப் பக்கம் போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங். மூக்கு கட்டையான டிராலி ஒடனே மடங்கும், மூக்கு நீளமா இருந்தா நிதானமா திரும்பும். எங்க டிரைவர் தம்பிய சாயங்காலம் யானைமலை அடிவாரத்துல காலி எடத்துக்கு கூட்டிட்டுப் போயி பழக்குனோம், இப்ப மாசி வீதி சந்துல கூட மண்டபத்து வாசல்ல கொண்டு போய் விட்டுருவான்.

இனி எனக்கு தலவலி குடுத்த விஷயம், டிபிஎஃப். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 பொகை விதி வந்த பெறகு டீசல் வண்டிக்கு சைலன்சர் லைன்ல இந்த ஃபில்டரு வந்துருச்சு, கரிப்பொகைய புடிச்சு வச்சுக்கிட்டு நெறஞ்ச ஒடனே அதுவே சூடாக்கி எரிச்சுக்கும், அதுக்கு 600 டிகிரிக்கு பக்கத்துல சூடு வேணும். அந்த சூடு வர வண்டி நிக்காம ஓடணும். நம்ம வேலயோ நேர்மாறு. 2024 சித்திரைத் திருவிழாவுல அழகர வரவேக்குற எதிர்சேவை அன்னைக்கு மூன்றுமாவடியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் மண்டகப்படி மண்டகப்படியா செட்டு எறக்குற வேல, அழகர் ஆத்துல எறங்கி வண்டியூர் போற வரைக்கும் ஊரே ரோட்டுல நிக்கும், வண்டி ஊந்துக்கிட்டேதான் இருக்கும், ஏசிக்காக ஐடில்லயும் நிக்கும். ஃபில்டர் லைட்டு எரிஞ்சிருச்சு. சர்வீஸுக்கு போன் அடிச்சா விட்டுட்டுப் போங்க பாக்கலாம்ண்டாங்க, திருவிழா நேரத்துல எங்க விட. டிராலிய கழட்டி வச்சுட்டு மேனுவல்ல சொன்ன மாதிரி சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டி மேலூர் வரைக்கும் ஒரு கியர் கொறச்சு எழுபதுல நிக்காம ஓட்டுனதுல லைட்டு அணஞ்சிருச்சு. அதுல இருந்து வாரத்துல ஒரு நாளு நாலு வழிச்சாலையில நீளமா ஒரு ஓட்டம், இது கட்டாயம்.

ஃபில்டர்ல எரிப்பு பாதியில நின்னு நின்னு போனா அதுக்குண்டு அடிச்ச டீசலு ஆயில்ல எறங்கி ஆயில் லெவல் ஏறும். ஆயில் கொறையுதாண்டு மட்டும் பாத்த காலம் போச்சு, ஏறுதாண்டும் ஸ்டிக்க எடுத்துப் பாருங்க, மேக்கோட்டத் தாண்டுனா ஒடனே மாத்திருங்க. டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் கம்மியா வர்ற ஆயில்தான் ஊத்தணும், டப்பாவுல இருக்குற கிரேட மேனுவலோட ஒப்பிட்டுப் பாத்து வாங்குங்க. அந்த ஃபில்டர கழட்டி எறிஞ்சிரலாம்ண்டு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, எஃப்சியில (வண்டி தகுதிச் சான்று சோதனை) மாட்டும், அந்தப் பொகைய மூஞ்சிக்கு நேரா குடிக்கிறது பந்தலுக்குக் கீழ ஒக்காந்திருக்குற சனம்தான்.

மைலேஜ்: லேசான லோடோட நாலு வழிச்சாலையில 14 பக்கம் குடுக்குது, 25 கேவிஏ மாட்டுனா ஒம்போது, பத்து. அதே டிராலிய அறுபதுல இழுக்குறதுக்கும் எம்பதுல இழுக்குறதுக்கும் டீசல் கணக்கு நல்லா வித்தியாசப்படுது, அறுபதுலயே போங்க. நல்லா இழுத்துட்டு வந்து நிப்பாட்டுன ஒடனே சாவிய திருப்பாதீங்க, டர்போ ஆற ஒரு நிமிசம் ஐடில் விடுங்க. டிராலி டயர்ல காத்து வாராவாரம், நின்னே கெடக்குற டயரு ஓடுற டயர விட சீக்கிரம் வெடிப்பு விடுது.

பேப்பர் வேல சுருக்கமா: டிராலிக்கு தனி ரிஜிஸ்ட்ரேசன், இன்சூரன்ஸ்ல டிராலியையும் சேத்துச் சொல்லணும், சொல்லாம விட்டா ஏதாவது ஆனா கம்பெனிக்காரன் கைய விரிச்சுருவான். வண்டிக்கு எஃப்சி எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ. நான் எடுத்தப்ப சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆக்கிட்டாங்க, அந்த மிச்சத்துல நல்ல கொக்கியும் டிராலி பிரேக்கும் போட்டாலும் கையில காசு நிக்கும்.

இப்ப 2025 சித்திரையும் முடிச்சு, அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் எல்லாம் இழுத்து வண்டி நாப்பதாயிரத்த தாண்டிருச்சு. சர்வீஸுக்கு சர்வீஸ் நடுவுல ஆயில் டாப் அப் கேக்கல, ஹவுஸிங்ல சத்தம் இல்ல, கிளச் பிளேட்டு இன்னும் கம்பெனி பிளேட்டுதான். பின் பிரேக் லைனிங் ஒரு தடவ மாத்துனது, அது தேயுற பொருளு. 62.5 கேவிஏ செட்ட மட்டும் இந்த வண்டியில மாட்டுறதில்ல, அது டிராலியோட ரெண்டு டன்ன நெருங்கும், மேனுவல்ல போட்ட அளவுக்கு மேல போயிரும். அதுக்கு லாரிதான் வாடகைக்கு சொல்றோம்.