"சிற்றி சட்டம்" என்று சொல்லி வீட்டு அலாரங்களைக் கழற்றுபவர்கள்: மார்க்கம் நகரில் நடந்த ஏமாற்று, நீங்கள் பார்க்க வேண்டியவை

பகலில் வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஒன்ராறியோவின் மார்க்கம் (Markham) நகரில் ஒரு தமிழ் வீட்டுக்குக் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வந்தார்கள். "புதுச் சட்டம் வந்திருக்கிறது, உங்கள் அலாரங்கள் செல்லாது, இன்றைக்கே மாற்றாவிட்டால் அபராதம்" என்றார்கள். சீலிங்கில் இருந்த ஐந்து புகை, வாயு எச்சரிக்கை அலாரங்களையும் கழற்றினார்கள், ஆறு புதியவற்றைப் பூட்டினார்கள், ஒரு கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பழையவற்றைத் "பத்திரமாக அழிக்க வேண்டும்" என்று கையோடு எடுத்துச் சென்றார்கள். பின்னேரம் மின்னஞ்சலில் வந்த பில் 1,740 டொலர். அதற்குமேல் மாதாமாதம் "கண்காணிப்புக் கட்டணம்" வேறு.

பணம் போனது ஒரு பக்கம். அந்த வீடு முன்பு இருந்ததைவிட ஆபத்தான நிலையில் விடப்பட்டிருந்தது என்பதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

அவர்கள் சொன்னதில் ஒரு துண்டு உண்மை. ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல் காபன் மொனொக்சைட் (எரிபொருள் எரியும்போது வரும் மணமில்லாத நச்சு வாயு) அலாரம் பற்றிய விதி கூடுதல் இறுக்கமாகியிருக்கிறது. காஸ் ஃபேர்னஸ், காஸ் வாட்டர் ஹீற்றர், காஸ் அடுப்பு போன்ற எரிபொருள் சாதனம், ஃபயர்பிளேஸ், வீட்டோடு ஒட்டிய கராஜ் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு தளத்திலும் காபன் அலாரம் இருக்க வேண்டும். புகை அலாரம் ஒவ்வொரு தளத்திலும் படுக்கும் இடங்களுக்கு வெளியிலும் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் வேலை செய்யும், காலாவதியாகாத அலாரத்தைக் கழற்றச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குறைகிற தளத்துக்கு ஒன்றைக் கூட்டினால் போதும். தீயணைப்புப் படையினர் வீடுவீடாக வந்து அலாரம் பார்ப்பதுண்டு. அவர்கள் சீருடையில் வருவார்கள், எதையும் விற்க மாட்டார்கள், கார்ட் இயந்திரத்தை நீட்ட மாட்டார்கள்.

அந்த விதிக்குப் பின்னால் உண்மையான சாவுகள் இருக்கின்றன. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில், காஸ் ஃபயர்பிளேஸின் புகைபோக்கி அடைபட்டதால் ஒரே வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். வீட்டில் காபன் அலாரம் இருக்கவில்லை. அவர்கள் குடும்பப் பெயரிலேயே 2013இல் சட்டம் நிறைவேறி 2014 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட விதியைக் காட்டி ஒன்றுக்கும் உதவாத கருவியை விற்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, பூட்டிய ஆறையும் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தவை.

முதலாவது, திகதி. எந்த அலாரத்தையும் இடப்பக்கம் திருகிக் கழற்றினால் பின்புறத்தில் உற்பத்தித் திகதி அச்சிட்டிருக்கும். பலவற்றில் எப்போது மாற்ற வேண்டும் என்பதும் இருக்கும். ஆயுள் பெரும்பாலும் உற்பத்தித் திகதியிலிருந்துதான் எண்ணப்படும், வாங்கிய நாளிலிருந்து அல்ல. புகை அலாரத்துக்கு 10 வருடம். காபன் அலாரத்துக்கு மொடலைப் பொறுத்து 5, 7 அல்லது 10 வருடம். இந்த வீட்டில் முன்பக்கத்தில் "2026 பரிசோதிக்கப்பட்டது" என்று பளபளவென்று ஸ்ரிக்கர். பின்னால் இரண்டில் 2016ஆம் ஆண்டு. எடுத்துச் செல்லப்பட்ட பழையவையோ 2021இல் செய்தவை; கைபேசியில் இருந்த பழைய படம் ஒன்றில் அது தெளிவாகத் தெரிந்தது. ஐந்து வருடம் மிச்சமிருந்ததைக் கொடுத்து, முடிந்துபோனதை வாங்கியிருக்கிறார்கள்.

காபன் அலாரத்துக்கு ஏன் காலாவதி என்று பலர் கேட்பார்கள். உள்ளே இருப்பது மின்வேதியியல் உணரி. வாயு அதற்குள் போனதும் நடக்கும் வேதிவினை ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அதைத்தான் கருவி அளக்கிறது. காலப்போக்கில் உள்ளேயுள்ள மின்பகுபொருள் காய்கிறது, மின்வாய்கள் பலம் இழக்கின்றன. பெயின்ற் ஆவி, கரைப்பான்கள், சிலிக்கோன் கலந்த தெளிப்பான்கள் அதைச் சீக்கிரம் கெடுக்கும். வீட்டுக்கு வர்ணம் அடிக்கும்போது அலாரத்தின்மேல் தப்பித்தவறியும் பூசாதீர்கள்.

இரண்டாவது, "பாருங்கோ, வேலை செய்யுது" என்று அமத்திக் காட்டிய பொத்தான். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சோதனைப் பொத்தான் பெரும்பாலும் பற்றரி, மின்சுற்று, ஒலிப்பான் மூன்றையும்தான் சோதிக்கிறது. உணரி செத்திருந்தாலும் பல கருவிகள் கூக்குரலிடும். மாதம் ஒருமுறை அமத்திப் பார்ப்பது அவசியமே, ஆனால் அது திகதியைப் பார்ப்பதற்கு மாற்று அல்ல. காபன் அலாரத்தின் திரையில் 0 காட்டுவதும் அப்படித்தான். வீட்டு அலாரங்களுக்கான தரவிதியே 30 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 30 பங்கு வாயு) அளவில் 30 நாள் வைத்தாலும் அலறக்கூடாது என்கிறது. 70 பிபிஎம் என்றால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள், 150 என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அலற வேண்டும். பல கருவிகளின் திரை 30க்குக் கீழே இருப்பதைக் காட்டுவதே இல்லை. ஆகவே 0 என்பது "காற்று சுத்தம்" என்பதற்கும் "உணரி நல்ல நிலையில்" என்பதற்கும் சாட்சி ஆகாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இருதய நோயாளிகள் உள்ள வீடுகளில் குறைந்த அளவையும் காட்டும் தனி மொனிற்றர் வாங்குவது நல்லது. ஆனால் அதைத் தரச்சான்று பெற்ற அலாரத்துக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது, தரமுத்திரை. நான்கு கருவிகளில் எந்த முத்திரையும் இல்லை. கனடாவில் விற்கும் அலாரத்தின் உடலிலேயே சிஎஸ்ஏ (CSA), யுஎல்சி (ULC), கனடாவுக்கான சிறு "சி" (c) சேர்ந்த யுஎல் (UL) அல்லது ஈரிஎல் (ETL) முத்திரைகளில் ஒன்று இருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. புகை அலாரத்தில் யுஎல்சி எஸ்531, காபன் அலாரத்தில் சிஎஸ்ஏ 6.19 என்ற தர எண்ணையும் தேடுங்கள். ஐரோப்பிய சிஇ எழுத்து மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கும், கேள்விப்படாத பெயருள்ள, புகையையும் காபனையும் ஒரே கருவியில் பிடிப்பதாகச் சொல்லும் அலாரங்கள் புகைக்கும் வாயுவுக்கும் அலறாமல் இருந்ததாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் கருவிகளும் திரும்பப் பெறப்பட்டதுண்டு. 2018இல் ஒரு பெரிய உற்பத்தியாளரின் புகை அலாரங்களில் தொழிற்சாலையில் போட்ட மஞ்சள் மூடி உள்ளேயே தங்கி உணரியை மறைத்திருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் திருப்பி எடுத்தார்கள். ஆகவே மொடல் எண்ணை ஹெல்த் கனடாவின் திரும்பப்பெறல் பட்டியலில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

நான்காவது, மிக மோசமானது. அந்த வீட்டில் இருந்தவை வயரோடு இணைந்தவை, ஒன்று அலறினால் எல்லாம் அலறும். பேஸ்மென்றில் தீப்பிடித்தால் மேல்மாடிப் படுக்கையறையில் கேட்பது அதனால்தான். அவற்றைக் கழற்றிவிட்டு, தனித்தனியாக இயங்கும் பற்றரிக் கருவிகளைப் பூட்டியிருக்கிறார்கள். சீலிங்குக்குள் இருந்த 120 வோல்ற் வயர்கள் வெறும் கறுப்பு ரேப் சுற்றியபடி தொங்கின. வயர் இணைப்புள்ள அலாரத்தைப் பற்றரிக் கருவியாகத் தரம் இறக்கி மாற்றக்கூடாது.

சரியாக மாற்றுவது கடினமான வேலை அல்ல. அந்தச் சுற்றின் பிரேக்கரை நிறுத்துங்கள். கருவியை இடப்பக்கம் திருகி இறக்குங்கள். பின்னால் செருகியிருக்கும் பிளக்கின் இரு பக்கத் தாழ்களையும் அமத்தி இழுத்தால் கழன்றுவிடும். தொடாமலே மின்சாரம் காட்டும் பேனா மாதிரி ரெஸ்ரரை வைத்து வயரில் மின் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அதே நிறுவனத்தின் பொருந்தும் மொடல் என்றால் பழைய பிளக்கிலேயே புதியது ஏறும். தாங்குதட்டை மட்டும் புதியதாகப் பூட்டுங்கள், பழைய தட்டில் சிலது இறுக்கமாக நிற்காது. வேறு நிறுவனம் என்றால் பிளக் பொருந்தாது, வயரை வெட்டிக் கட்ட வேண்டும்: கறுப்பு மின்னுக்கு, வெள்ளை நியூற்ரலுக்கு, மூன்றாவது (கருவிப் பக்கம் பெரும்பாலும் செம்மஞ்சள், சீலிங் பக்கம் பெரும்பாலும் சிவப்பு) ஒன்றோடொன்று பேசும் இணைப்புக்கு. வயரில் கை வைக்கும் நிலை வந்தால் உரிமம் பெற்ற மின்வேலை ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள், அவருடைய ஈசிஆர்ஏ (ECRA, ஒன்ராறியோ மின்வேலை ஒப்பந்தக்காரர் பதிவு) உரிம எண்ணைக் கேளுங்கள். இரண்டு நிறுவனத்தின் கருவிகளை ஒரே இணைப்பில் கலக்க வேண்டாம். சமிக்ஞை ஒத்துப்போகாமல் காரணமில்லாமல் அலறும், அல்லது அலற வேண்டிய நேரத்தில் அலறாது. எல்லாம் பூட்டியபின் பிரேக்கரைப் போட்டு, ஒன்றின் பொத்தானை அமத்தி மற்றவை எல்லாம் அலறுகின்றனவா என்று ஒரு ஆள் மேலே, ஒரு ஆள் கீழே நின்று கேளுங்கள். உள்ளே காப்புப் பற்றரியின் இழுவைப் பட்டியை எடுக்க மறக்காதீர்கள்.

வைத்த இடங்களும் பிழை. ஒன்று சமையலறை வாசலில், அடுப்பிலிருந்து இரண்டு மீற்றர்கூட இல்லை. நம் வீடுகளில் மிளகாய் தாளிக்கும்போது அது தினமும் அலறும், மூன்றாம் நாள் யாரோ பற்றரியைக் கழற்றுவார்கள். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி வையுங்கள். சமையலறைப் பக்கத்துக்கு ஒளிமின் (photoelectric) வகைப் புகை அலாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அயனி (ionization) வகை சுவாலைவிட்டு எரியும் தீயைச் சற்று வேகமாகப் பிடிக்கும், ஆனால் சமையல் புகைக்கும் எளிதில் ஏமாறும். சோபா, மெத்தையில் புகைந்து புகைந்து வளரும் தீயை ஒளிமின் வகை முந்திப் பிடிக்கும். குளியலறை வாசலுக்கும் ஹீற்றிங் காற்று வரும் துளைக்கும் ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். சுவரில் என்றால் சீலிங்கிலிருந்து 10 முதல் 30 சென்ரிமீற்றருக்குள்.

காபன் அலாரம் ஒன்றை ஃபேர்னஸுக்கு அரை மீற்றர் தூரத்தில் ஒட்டியிருந்தார்கள். "வாயு வருகிற இடத்திலேயே பிடிக்கும்" என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஃபேர்னஸ் பற்றும் கணத்தில் வரும் சிறு அளவுக்கு அது வீணாக அலறும். நித்திரையில் இருப்பவருக்கு அது கேட்கவும் கேட்காது. ஃபேர்னஸிலிருந்து சுமார் 5 மீற்றர் தள்ளியும், படுக்கும் இடத்துக்கு வெளியேயும் வேண்டும். காபன் மொனொக்சைட்டின் எடை ஏறக்குறையக் காற்றின் எடைதான், ஆகவே நிலத்தோடு ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்பது தவறு. கட்டிலுக்குப் பின்னாலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் மட்டும் வைக்காதீர்கள்.

ஒலியையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். மூன்று ஒலி, இடைவெளி, மூன்று ஒலி என்றால் தீ. நான்கு ஒலி, இடைவெளி, நான்கு ஒலி என்றால் காபன் மொனொக்சைட். எல்லாரும் வெளியே வந்து 911. தலையிடி, ஓங்காளம், மயக்கம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால், அலாரம் அலறாவிட்டாலும் வெளியேறுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்" என்றால் பற்றரி பலவீனம். புதிய பற்றரி போட்டும் நிற்காவிட்டால் ஆயுள் முடிந்தது, பொத்தானால் அடக்கி வைக்காதீர்கள்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனியுங்கள்: அங்கேயும் அலாரங்களைப் பூட்டிப் பராமரிப்பதும், வருடாவருடமும் குடியிருப்பவர் மாறும்போதும் சோதிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. குடியிருப்பவர் அதைக் கழற்றவோ செயலிழக்கச் செய்யவோ கூடாது.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பிரதி தரவே இல்லை, அல்லது அதில் சட்டம் கேட்கும் விபரங்கள் இல்லை என்றால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் மின்னஞ்சலிலும் பதிவுத்தபாலிலும் அனுப்புங்கள். ரத்துக் கடிதம் போனபின் 15 நாட்களுக்குள் அவர்கள் பணத்தைத் திருப்ப வேண்டும். கடன்அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக்கும் உடனே அறிவியுங்கள். அவர்கள் பூட்டிய கருவிகளை எறியாமல், முன்புறம், பின்புறம், தொங்கும் வயர், வைத்த இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அதற்கிடையில் அந்த இரவுக்கே கடையில் முத்திரை பார்த்து, 10 வருட அடைத்த பற்றரியுள்ள புகையும் காபனும் சேர்ந்த அலாரம் தளத்துக்கு ஒன்று வாங்கித் தற்காலிகமாக வையுங்கள். வயர் இணைப்பைச் சீர்செய்யும் வரை வீடு அலாரம் இல்லாமல் ஒரு இரவும் இருக்க வேண்டாம்.